அண்ணா நகர் வார இறுதிப் புள்ளியியல் வகுப்பு: செய்முறை அருமை, கையேட்டைத் திருத்த வேண்டும்

மதுரை அண்ணா நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் வார இறுதிகளில் நடைபெறும் அறிமுகப் புள்ளியியல் வகுப்பில், சோதனைகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது யாருக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விட்டு, வடிவமைப்பது பற்றிய பகுதியில் மட்டும் சேர்ந்து படித்து முடித்திருக்கிறேன். மேலூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துபவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பகுதியில்தான் துணை தேவைப்பட்டது. சராசரியையும் ஒட்டுறவுக் கெழுவையும் கரும்பலகையிலேயே நடத்திவிடலாம். ஒரு சோதனையை எப்படி அமைப்பது என்பதை அப்படி நடத்தினால், மாணவர்கள் வரையறைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். குறைகளையும் எழுதவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்முறைப் பயிற்சிகளுக்காகத் தயங்காமல் சேரலாம், ஆனால் அவர்கள் தரும் அச்சிட்ட கையேட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது.

வகுப்பில் கல்லூரி மாணவர்கள், செவிலியர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள் எனக் கலவையான கூட்டம். உரக்கடை வைத்திருக்கும் ஒருவரும் சேர்ந்திருந்தார். கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து காட்டும் வயல் படங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளவே வந்ததாக அவர் முதல் நாளிலேயே சொன்னார். பயிற்றுநர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். சூத்திரங்களை அவர் கடைசி வரை ஒதுக்கிவைத்தார் என்பதே இந்த வகுப்பின் முதல் சிறப்பு. எந்தக் கணக்கைப் போடுவது என்பது, தரவைச் சேகரிப்பதற்கு முன் நாம் எதை எதற்கு எப்படி ஒதுக்கினோம் என்பதிலிருந்துதான் பிறக்கிறது என்ற ஒரே கருத்தை அவர் வெவ்வேறு சோதனைகளைக் கொண்டு நிலைநாட்டினார்.

இவற்றில் மிகச் சிறந்தது தேநீர்ச் சோதனை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், அங்கே உடன் பணியாற்றிய பாசியியல் அறிஞர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்று கூறியதை ஒரு சோதனையாக மாற்றிய கதை பலருக்கும் தெரிந்ததே. 1935-இல் வெளிவந்த சோதனை வடிவமைப்பு நூலில் ஃபிஷர் இந்த எடுத்துக்காட்டிலிருந்துதான் தம் வாதத்தைத் தொடங்குகிறார். அந்தச் சோதனை என்ன ஆயிற்று என்பதை நூலில் அவர் சொல்வதில்லை, வடிவமைப்பை மட்டுமே ஆராய்கிறார். பெரும்பாலான வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே கீழே இருந்த டீக்கடையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்கள். கிளாஸில் பாலை ஊற்றிவிட்டு அதன்மேல் டிகாஷனை ஊற்றினால் ஒரு ருசி, டிகாஷன் மேல் பாலை ஊற்றினால் வேறு ருசி என்று வகுப்பிலிருந்த ஒரு செவிலியர் உறுதியாகச் சொன்னார். உடனே எட்டுச் சிறு சீட்டுகள் தயாராயின. நான்கில் ‘பா’ என்றும் நான்கில் ‘டி’ என்றும் எழுதி, மடித்து, ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுக் குலுக்கி, மாடிப்படியில் நின்ற ஒரு மாணவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, டீ மாஸ்டர் அந்த வரிசைப்படியே ஊற்றினார். கிளாஸ்களின் அடியில் எண் ஒட்டப்பட்டிருந்தது. எட்டுக்கும் ஒரே பால், ஒரே டிகாஷன், ஒரே அளவு சர்க்கரை.

முதலில் ஊற்றிய கிளாஸ்கள் மாடிக்கு வருவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும் அல்லவா என்று ஒருவர் கேட்டார். பயிற்றுநர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல, பால் முதலில் ஊற்றிய நான்கையும் மாஸ்டர் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு மற்ற நான்கையும் பிறகு ஊற்றியிருந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டார். அப்படிச் செய்திருந்தால் அந்த அம்மையார் சூட்டை வைத்தே பிரித்துச் சொல்லியிருப்பார்; நாம் அதை நாக்கின் திறமை என்று எழுதிவைத்திருப்போம். சீட்டுக் குலுக்கியதால் ஆறிய கிளாஸ் இரண்டு வகையிலும் எப்படி வேண்டுமானாலும் விழலாம். சூடு ஒழிந்துபோகவில்லை, எந்த ஒரு வகையோடும் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பை மட்டுமே இழந்திருக்கிறது. கலங்கச் செய்யும் காரணி என்று பாடநூலில் ஒரு வரியில் வந்து போகும் செய்தியைக் கையில் கிளாஸோடு புரிந்துகொள்வது வேறு அனுபவம்தான்.

செவிலியர் எட்டையும் சுவைத்துவிட்டுப் பால் முதலில் ஊற்றியவை என்று நான்கைத் தேர்ந்தெடுத்தார். மூன்று சரி, ஒன்று தவறு. அதாவது எட்டு கிளாஸில் ஆறைச் சரியாகப் பிரித்துவிட்டார் என்று வகுப்பே கைதட்டியது. பயிற்றுநர் கரும்பலகைக்குத் திரும்பி, எட்டிலிருந்து நான்கை எத்தனை விதமாக எடுக்கலாம் என்று கேட்டார்: 70. சுவையே தெரியாமல் குருட்டாம்போக்கில் எடுத்தாலும் நான்கும் சரியாக அமைவது 1 விதம், மூன்று சரியாக அமைவது 16 விதங்கள், இரண்டு 36, ஒன்று 16, ஒன்றுமே சரியில்லாதது 1. ஆக மூன்று அல்லது அதற்கு மேல் சரியாக அமையும் வாய்ப்பு 70-இல் 17, கிட்டத்தட்ட 24 விழுக்காடு. நான்கு பேரில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே இதைச் சாதித்துவிடலாம். நான்கும் சரியாக இருந்திருந்தால் 70-இல் 1, அதாவது 1.4 விழுக்காடு, அப்போது இன்மை கருதுகோளை, அதாவது அவருக்குச் சுவை வேறுபாடே தெரியவில்லை என்ற அனுமானத்தைச் சந்தேகிக்கக் காரணம் இருந்திருக்கும். ஆறு கிளாஸ் மட்டும் வைத்திருந்தால் முழுச் சரிக்கும்கூட 20-இல் 1தான் கிடைக்கும்; பன்னிரண்டு வைத்தால் 924-இல் 1. எத்தனை கிளாஸ் வேண்டும் என்பதை டீயை ஊற்றுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும் என்பது இந்த எண்களைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று.

இந்தக் கணக்கில் இயல்நிலை வளைவு இல்லை, திட்ட விலக்கம் இல்லை, அட்டவணையும் இல்லை. குலுக்கியவர்கள் நாமே என்பதால் மட்டுமே 70-இல் 17 என்று எழுத நமக்கு உரிமை வருகிறது. சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பது நேர்மைக்காகச் செய்யும் சடங்கு மட்டுமன்று, நிகழ்தகவு பிறக்கும் இடமே அதுதான் என்பதை இவ்வளவு தெளிவாக ஓர் அறிமுக வகுப்பில் நான் இதுவரை கண்டதில்லை.

ஆனால் இதே சோதனையில் ஒரு குறையும் இருந்தது. எண்களின் விடை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்றுநர் செவிலியருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “சார், உங்களுக்குத்தான் விடை தெரியுமே, நீங்க அக்கா முன்னாடி நிக்கலாமா?” என்று கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய் நின்றார். மறுசுற்று நடந்தது. இந்த முறை நான்கில் இரண்டுதான் சரி. பயிற்றுநருடைய முகத்தைப் பார்த்துத்தான் செவிலியர் முன்பு சொல்லியிருக்கிறார் என்று வகுப்பு ஒரே சிரிப்பில் தீர்ப்பெழுதியது. பயிற்றுநரும் அதை மறுக்காமல் விட்டுவிட்டார். இது எனக்கு உறுத்தலாக இருந்தது. குருட்டாம்போக்கில் எடுத்தாலே அடிக்கடி வரக்கூடிய இரண்டு முடிவுகள் மூன்றும் இரண்டும். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் கற்பிப்பது, ஐந்து நிமிடத்துக்கு முன் அவரே கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிரானது. விடை தெரிந்தவர் எதிரில் நிற்கக் கூடாது என்ற விதி சரியானது; அதற்கு இந்த மறுசுற்று சான்றாகாது என்ற ஒரு வாக்கியத்தை அவர் சேர்த்திருக்க வேண்டும்.

அடுத்த வகுப்பு குடவோலையில் தொடங்கியது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் முறைப்படி, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கவைத்ததைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். எனினும் குடவோலை என்பது பலரிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுப்பது; சோதனையில் நாம் செய்வது, ஏற்கெனவே கையில் இருப்பவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒதுக்குவது. சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்தால் முடிவை முழுமைத்தொகுதிக்கும், அதாவது யாரிலிருந்து தேர்ந்தெடுத்தோமோ அவர்கள் அனைவருக்கும் பொருத்திப் பேசலாம். சமவாய்ப்பில் ஒதுக்கினால் வேறுபாட்டுக்கு நடத்துமுறையே (நாம் கொடுத்த உரமோ மருந்தோ) காரணம் என்று பேசலாம். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத ஆய்வுகளே உலகில் மிகுதி. மாணவர்கள் ஆண்டுதோறும் குழம்பும் இடமும் இதுதான். பயிற்றுநர் இந்த வேறுபாட்டை விளக்கத்தான் செய்தார், ஆனால் தாமதமாக. அதற்குள் பாதிப் பேர் குடத்தோடு நின்றுவிட்டார்கள்.

வயல் சோதனைப் பகுதிதான் உரக்கடைக்காரர் காத்திருந்த பகுதி. நான்கு உர முறைகள், ஒவ்வொன்றும் ஐந்து பாத்திகளில், ஆக 20 பாத்திகள் என்று ஒரு நெல் வயலைத் தாளில் வரைந்து கொடுத்தார்கள். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் விளையும் மேலூர் வட்டாரத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு, மடைவாய்ப் பக்கத்துப் பாத்தியும் கடைசியில் கிடக்கும் பாத்தியும் ஒரே நிலமாக நடந்துகொள்வதில்லை என்பது தெரியும். கம்பெனிக்காரர் தம்முடைய உரத்தை மடைவாயில் போட்டு, போடாத பாத்தியைத் தள்ளி அமைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால், அந்தப் படத்தில் தெரிவது உரமா தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது. பாத்திகளை இடம் மாற்றி அமைத்திருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று என்ற ஒப்பீட்டில் வேறுபாடு எவ்வளவு தற்செயல் என்பதை அளக்க வழியே இல்லை. அதற்குத்தான் ஒரே முறையைப் பல பாத்திகளில் மீண்டும் செய்வது.

இருபது பாத்திகளிலும் நான்கு முறைகளைத் தடையில்லாமல் குலுக்கி ஒதுக்கினால் 1,173 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகள் வரக்கூடும். அவற்றில் ஒரே உரம் மடைவாயிலேயே குவிந்துவிடும் அமைப்புகளும் அடங்கும். வயலைத் தண்ணீர் பாயும் திசைக்குக் குறுக்காக ஐந்து தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நான்கு உரங்களையும் தனித்தனியாகக் குலுக்கி ஒதுக்கினால், தொகுதிக்கு 24 விதம் என்ற கணக்கில் மொத்தம் 79,62,624 அமைப்புகள் மட்டுமே மிஞ்சுகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா உரங்களும் இருப்பதால், மடைவாய்க்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடு ஒப்பீட்டிலிருந்து விலகிவிடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு என்பதைப் பயிற்றுநர் மறைக்கவில்லை: பிழைக்கான வரையற்ற பாகைகள் (தற்செயல் வேறுபாட்டை மதிப்பிடக் கிடைக்கும் தனித்தனித் தகவல்களின் எண்ணிக்கை) 16-இலிருந்து 12-ஆகக் குறைகின்றன. வயல் உண்மையிலேயே ஒரே சீராக இருந்தால் தொகுதி பிரித்தது வீண் செலவாகலாம். பாடநூல்களில் சமவாய்ப்புத் தொகுதி முறையை எப்போதும் மேலானது என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். எப்போது மேலானது என்று சொல்பவர்கள் குறைவு. தொகுதிகளைத் தண்ணீர் போகும் திசையிலேயே நீளவாக்கில் வெட்டிவிட்டால் பிரித்ததால் பயனில்லை என்பதை இரண்டு தாள்களில் மாற்றி மாற்றி வரையவைத்துக் காட்டியது இந்த வகுப்பின் இன்னொரு நல்ல தருணம். ஒவ்வொரு முறையும் நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என வரும் இலத்தீன் சதுரத்தை மட்டும் ஏனோ ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள்.

இனிக் கையேடு. தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள், எழுத்துப்பிழைகள் குறைவு, படங்கள் தெளிவு. ஆனால் சோதனை அலகு, அதாவது குலுக்கலில் தனித்து ஒதுக்கப்படும் ஒன்று, பற்றிய பக்கத்தில் திருத்த வேண்டிய ஒரு பிழை இருக்கிறது. ஒரு பள்ளியில் ஏ பிரிவுக்குப் புதிய கற்பித்தல் முறை, பி பிரிவுக்குப் பழைய முறை என நாணயம் சுண்டி முடிவு செய்கிறார்கள்; பிரிவுக்கு 40 மாணவர்கள். சோதனை அலகுகள் எத்தனை என்ற கேள்விக்குக் கையேடு தரும் விடை 80. நாணயம் சுண்டப்பட்டது மாணவர்களுக்கு அல்ல, பிரிவுகளுக்கு. ஆகவே அலகுகள் இரண்டுதான். ஒரு பிரிவுக்கு நல்ல ஆசிரியர் வாய்த்திருந்தால், அல்லது மதிய உணவுக்குப் பின் தூங்கி வழியும் பாடவேளை வாய்த்திருந்தால், நாற்பது பேரும் சேர்ந்தே அதன் பலனை அனுபவிப்பார்கள். மாணவர்களை எண்ணி 80 என்று எடுத்துக்கொண்டு சோதனை செய்தால், இல்லாத வேறுபாடு இருப்பதாக மிக எளிதில் தோன்றிவிடும். ஒரே மல்லிகைப் பாத்தியில் மருந்தடித்துவிட்டு அதில் ஐம்பது செடிகளை எண்ணி ஐம்பது முறை செய்ததாக எழுதுவதும் இதே வகைதான். ஆய்வேடுகளில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பயிற்றுநரிடம் சுட்டிக்காட்டியபோது உடனே ஒப்புக்கொண்டார், வகுப்பில் திருத்தியும் சொன்னார். என்றாலும் அதற்குப் பிறகு சேர்ந்த ஒருவரிடம் கையேட்டை வாங்கிப் பார்த்தேன், 80 அப்படியேதான் இருந்தது.

கணினிப் பகுதி சுமார். லிப்ரே ஆபிஸ் விரிதாளில் ரேண்ட் (RAND) செயற்கூறைக் கொண்டு சமவாய்ப்பு எண்களை உருவாக்கி வரிசைப்படுத்தக் கற்றுத் தருகிறார்கள். ஒவ்வொரு முறை தாளில் எதையாவது தட்டும்போதும் அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், முதலில் அவற்றை மதிப்புகளாக ஒட்டி உறையவைக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தந்தது நல்லது. இது தெரியாமல் ஒதுக்கீட்டுப் பட்டியலையே தொலைப்பவர்கள் உண்டு. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் விதை எண் (சமவாய்ப்பு எண்களின் தொடக்கப் புள்ளி) கொடுத்து அதே பட்டியலை மீண்டும் பெறும் பயிற்சியில் யாருக்கும் கையேட்டில் உள்ள விடை வரவில்லை. மாணவர்கள் தாங்கள்தான் தவறு செய்துவிட்டதாக நினைத்துக் கலங்கினார்கள். காரணம் எளியது: 2019-இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பிலிருந்து மாதிரி எடுக்கும் வழிமுறை மாறிவிட்டது. கையேடு அதற்கு முந்தைய பதிப்பைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தால் போதும்.

மருத்துவச் சோதனைகளைப் பற்றிய வகுப்பில் மதுரைக்காரர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. நெல் உமியோ இலையோ கண்ணில் பட்டு, பூஞ்சை தொற்றிக் கருவிழியில் புண் வருவது நம் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களிடையே காணப்படும் துயரம். அதற்கு நாட்டமைசின் என்ற பழைய மருந்தா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்தா, எது நல்லது என்பதை அறிய அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரிக் கிளைகளில் 323 நோயாளிகளைச் சமவாய்ப்பில் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளியாயிற்று. பழைய மருந்தே வென்றது. குறிப்பாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சை கண்ட கண்களில் வேறுபாடு பெரியது. புதியது என்றால் மேலானது என்ற எண்ணத்தோடு மருத்துவர்கள் தங்கள் விருப்பப்படி மருந்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால், மோசமான புண் உள்ளவர்களுக்கே புதிய மருந்து போயிருக்கக்கூடும். பிறகு எந்த ஒப்பீடும் செல்லாது. 1956-இல் சென்னையில் தொடங்கி 193 காசநோயாளிகளை வீட்டுச் சிகிச்சைக்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்கும் சமவாய்ப்பில் பிரித்த ஆய்வையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு உணர்த்திய ஆய்வு அது.

இந்த இடத்தில் உறைகளைக் கொடுத்துச் செய்யவைத்த பயிற்சி, தேநீருக்கு அடுத்தபடியாக எனக்கு நினைவில் நிற்பது. 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், அடுத்த நோயாளி எந்தக் குழு என்பது மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் உறை திறக்கப்படும். வகுப்பிலும் பழுப்பு உறைகளில் சீட்டைப் போட்டு ஒட்டிக்கொடுத்து, ஒருவரை மருத்துவராக நடிக்கவைத்தார்கள். அந்த மாணவர் உறையை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே இருப்பதைப் படித்துவிட்டு, “இந்த ஆள் வேண்டாம், அடுத்தவரைக் கூப்பிடுங்க” என்றார். பட்டியல் சமவாய்ப்பில் தயாரானால் மட்டும் போதாது, அடுத்து வருவது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. உறைக்குள் கார்பன் தாளோ அலுமினியத் தகடோ வைக்க வேண்டியதன் காரணம் தானாக விளங்கிற்று.

எத்தனை பேரைச் சேர்த்தால் போதும் என்ற கணக்கு, இடையில் விலகுபவர்களை எந்தக் குழுவில் எண்ணுவது என்ற சிக்கல், சம்மதம் பெறும் முறை ஆகியவை கடைசி வகுப்பில் அரக்கப்பரக்க முடிக்கப்பட்டன. ஆய்வு மாணவர்களுக்கு அதிகம் தேவைப்படுபவை இவையே. கணினிப் பயிற்சியின் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்திருக்கலாம்.

கட்டணம் 3,500 ரூபாய், கையேடும் அதில் அடக்கம். இந்த அளவு செய்முறைக்கு இது நியாயமே. மாட்டுத்தாவணியில் இறங்குபவர்களுக்கு இடம் பக்கம்தான். வண்டியில் வருபவர்களுக்கு நிறுத்தக் கீழே இடம் போதாது. பிற்பகலில் மாடி கொதிக்கிறது, மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பயிற்றுநர் பேசுவது கேட்பதில்லை, எனவே முன்கூட்டியே வந்து முன்னால் இடம் பிடிப்பது நல்லது. இணைய இணைப்பை நம்ப வேண்டாம். ஆர் மென்பொருளை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வாருங்கள். கையேட்டைப் பெற்றதும் சோதனை அலகுப் பயிற்சியின் விடையைப் பாருங்கள். இன்னும் 80 என்றே இருந்தால் பேனாவால் அடித்து 2 என்று எழுதிக்கொண்டு, பயிற்றுநரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.